உமரி இலையை இழந்த கதை

செடிகளும் ஆறுகளும் பேசிப் பழகிய அந்தக் காலத்தில், கழிமுகத்துச் சேற்றில் உமரி என்றொருத்தி இருந்தாள். இன்றைக்கு உமரிச் செடி என்று நாம் பார்க்கிற மொட்டைத் தண்டு இல்லை அவள், உடம்பெல்லாம் இலை. செடிகளுக்கு அப்போது இலைதான் நாக்கு. அப்படியானால் அவள் எவ்வளவு பேசியிருப்பாள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்! அத்தனையையும் அலுக்காமல் கேட்டது ஆறு மட்டும்தான். அக்கா தங்கை என்றே இருவரும் பழகினார்கள்.

ஒரு மாசியில் ஆறு இளைத்துப் போயிற்று.

"மலைக்குப் போயிட்டு வர்றேன்டி. ஐப்பசியில வந்துடுவேன். நீ இங்கேயே இரு. நீ இல்லாத இடத்துக்கு நான் எதுக்கு வரணும்?" என்றது.

"சீக்கிரம் வாக்கா" என்றாள் உமரி.

ஆறு போன வழியில் கடல் ஏறி வந்தது. உமரி ஒரு வாய் குடித்தாள். அடேயப்பா, என்ன எரிச்சல்! போதாக்குறைக்கு, அவள் உடம்பில் இருந்த நல்ல தண்ணீரையும் உப்பு வெளியே இழுத்தது. மூன்றே நாளில் துவண்டுவிட்டாள்.

பக்கத்தில் இருந்த நாணல் கிளம்பியது. செடிகளுக்கு அப்போது நடக்கவும் தெரியும்.

"வாடி உமரி, மேட்டுல குளம் இருக்கு. இங்கே இருந்தா செத்துப்போவே."

"அக்கா வந்து தேடுவா. நீ போ."

பிடிவாதக்காரி! சாகாமல் இருக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். உள்ளே வந்த உப்பை உடம்பின் ஒரு மூலைக்குத் தள்ளி அடைத்தாள். அது மற்ற இடத்துத் தண்ணீரை இழுத்துவிடாமல் இருக்க, அங்கெல்லாம் ஓர் இனிப்புச் சாற்றைக் காய்ச்சி நிரப்பினாள். சாறு காய்ச்ச எதைப் போடுவது? இலையைத்தான் போட்டாள். தினம் ஒன்று, வெயில் கடுமையான நாளில் நாலு.

மேற்கே மேகம் கறுத்தால் அவள் தண்டெல்லாம் நிமிர்ந்துவிடும். மேகம் கலைந்தால் அழுகை வரும். அக்காவின் குளிர்ந்த கை காலில் பட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று ஏங்கினாள். கூப்பிடுவதற்கென்று ஒரே ஓர் இலையை மட்டும் கடைசிவரை வைத்திருந்தாள். புரட்டாசி வெயில் சேற்றையே வெடிக்க வைத்தபோது, வேறு வழியில்லாமல் அதையும் போட்டாள்.

ஐப்பசியில் ஆறு நுரை தள்ள ஓடிவந்தது.

"உமரி! அடியே உமரி!"

இதோ இருக்கிறேன் என்று சொல்ல உமரி தவித்தாள். சத்தம் வரவில்லை. ஆறு அவள் மேலேயே தவழ்ந்து நாலாபுறமும் தேடியது.

"என் தங்கச்சி வாயாடியாச்சே. இருந்தா இந்நேரம் கூப்பிட்டிருப்பாளே! கடல்தான் கொண்டுபோயிருக்கும்" என்று அழுதுகொண்டே கடலுக்குள் போய்விட்டது.

அந்த ஐப்பசியிலிருந்துதான் உமரிக்கு இலை கிடையாது. உமரியைச் சமைக்கிறவர்கள் தனியாக உப்புப் போடுவதும் கிடையாது. கோடை முழுக்க ஏங்கி ஏங்கிச் சிவந்துபோகிறாள். மழை விழுந்ததும், இந்த வருஷமாவது அக்காவுக்கு அடையாளம் தெரியட்டும் என்று பச்சையாகி நிற்கிறாள். ஆறும் வருஷம் தவறாமல் வந்து, அவளைத் தொட்டுக்கொண்டே அவளைத் தேடுகிறது.