தவிட்டுப்பட்டி செட்டு சைடு டிரம்முக்கு விலை கேட்டது

தவிட்டுப்பட்டி பேண்டு செட்டில் ஆள் மூன்று, தொப்பி இரண்டு. தொப்பி இல்லாதவன் பின்னால் நடந்தால் யாருக்கும் தெரியாது என்று பேசி முடித்திருந்தார்கள். யார் பின்னால் நடப்பது என்று மட்டும் முடிவாகவில்லை. அதனால் மூன்று பேரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரே வரிசையில் போவார்கள்.

பெரிய டிரம் வேதமாணிக்கம், வயது அறுபத்திரண்டு. கிளாரினெட் பொன்னையன், அஞ்சாவது வரை போனவன். ஆகவே படிப்பு சம்பந்தப்பட்ட காரியமெல்லாம் அவன் தலையில். டிரம்பெட் சிலுவை. அவனுக்கு உடம்பில் பலம் உண்டு.

முன்பு லாசர் என்று நாலாவது ஆள் ஒருவன் இருந்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில், வேதமாணிக்கத்தின் இலைக்கு வந்துகொண்டிருந்த கோழிக்காலை நடுவழியில் கை நீட்டி வாங்கிக்கொண்டான். அப்புறம் தனியாகச் செட்டு வைத்துவிட்டான். வேதமாணிக்கத்தின் மனைவி மரியபுஷ்பம் அதற்குப் பிறகு எத்தனையோ கோழிக்கால் பொரித்துப் போட்டுப் பார்த்தாள். "இது அது இல்லை" என்று சொல்லிக்கொண்டேதான் மனுஷன் சாப்பிட்டார்.

மூன்று வருஷமாக அந்தோணியார் கோவில் சப்பரத்துக்கு முன்னால் வாசித்துப் போவது லாசர் செட்டு. இந்த வருஷம் வேதமாணிக்கம் பங்குச்சாமியாரிடம் நேரே போய் நின்றார்.

"உங்க வாத்தியத்துல காத்து ஒரு பக்கம் போகுது, சத்தம் ஒரு பக்கம் போகுதுய்யா" என்றார் சாமியார். "திருவிழாவுக்குள்ள புது வாத்தியம் வாங்கிட்டு வாங்க. சப்பரம் உங்களுக்குத்தான்."

புது வாத்தியத்துக்குப் பணம்? வேதமாணிக்கம் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய சைடு டிரம் கிடந்தது. அடியில் கம்பி கட்டி, அடித்தால் சரசரவென்று பேசுமே, அந்த டிரம். மேல் தோல் கிழிந்துவிட்டதால் உள்ளே வைக்கோல் போட்டு மரியபுஷ்பத்தின் கோழி அடை உட்கார்ந்திருந்தது. மதுரையில் ஹபீப் பாய் என்பவர் பழைய வாத்தியங்களை நல்ல விலைக்கு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, பொன்னையன் போன் போட்டான்.

"பக்கவாட்டுல ஒரு சின்னத் தகடு இருக்கும். அதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்றார் பாய். "ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். துடைக்காதீங்க, கழுவாதீங்க, பெயின்ட் அடிக்காதீங்க. இருக்கிறது இருக்கிறபடி இருக்கணும். விலையே அதுலதான்."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். தகடு இருந்தது. தகட்டின் மேல் கோழி எச்சம் அப்பியிருந்தது.

"துடைச்சா விலை போயிரும்" என்றான் சிலுவை.

"துடைக்காம எப்படிடா படிக்கிறது?"

"எச்சத்துல ஏதாச்சும் எழுதியிருக்கா பாருங்கண்ணே."

பொன்னையன் கண்ணாடி போட்டுக்கொண்டு அதையும் பார்த்தான். பிறகு பாய்க்கே போன் போட்டு, "கோழி எச்சம்னு இருக்கு பாய்" என்றான். பாய் ஒருமுறை இருமிவிட்டு, "அதை மட்டும் துடைச்சுக்குங்க" என்றார்.

எச்சத்தைக் கத்தியால் நோகாமல் பெயர்த்து ஒரு இலையில் வைத்துக்கொண்டார்கள். பொன்னையன் ஒவ்வொரு எழுத்தாகப் போனில் சொன்னான். லண்டன் என்று வந்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு என்று வந்தது. படித்து முடித்ததும் கஞ்சிப்பசை தடவி, எச்சத்தை இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டார்கள்.

பாயின் குரலில் இப்போது மரியாதை கூடிவிட்டது. "பட்டாள டிரம் மாதிரி தெரியுதுண்ணே. கட்டையை இடையில யாராச்சும் மாத்தியிருந்தா எடையில தெரிஞ்சிரும். எடை போட்டுச் சொல்லுங்க."

ரேஷன் கடைத் தராசில் வைத்தால் கோழி துள்ளியது, முள்ளும் கூடத் துள்ளியது. ஆகவே சிலுவை டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தராசில் ஏறி நின்றான். எழுபத்தாறு கிலோ.

"இதுல சிலுவையைக் கழிக்கணும்" என்றான் பொன்னையன்.

"சிலுவை, கழிஞ்சு நில்லுடா" என்றார் வேதமாணிக்கம்.

சிலுவை டிரம்மோடு கீழே இறங்கினான். மூவரும் முள்ளைப் பார்த்தார்கள். அது பூஜ்யத்தில் நின்றது. பொன்னையன் சுற்றி வந்து அந்தப் பக்கமிருந்தும் பார்த்தான். பூஜ்யந்தான்.

"எடையே இல்ல பாய்."

"அவ்வளவு லேசா? அப்ப அசல் மரந்தான்!" பாய் சந்தோஷப்பட்டார். "எண்பதாயிரம் தரேன். ஒண்ணுதான் வெச்சிருக்கீங்களா? இதே மாதிரி ஜோடியா கிடைச்சா மூணு லட்சத்துக்கு எடுக்க ஆள் இருக்கு."

போனை வைத்துவிட்டு மூவரும் டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"டிரம்முக்கு எத்தனை முகம்?" என்று வேதமாணிக்கம் மெதுவாகக் கேட்டார்.

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"ஒரு மனுஷனுக்கு எத்தனை முகம்?"

"ஒண்ணு மாமா."

"ஒரு டிரம்முக்கு மட்டும் ரெண்டு எதுக்குடா? இது ரெண்டு டிரம்முடா! வெள்ளைக்காரன் கப்பல்ல இடம் பத்தாம ஒட்டி அனுப்பியிருக்கான். லாசர் இந்த நுணுக்கமெல்லாம் கண்டிருப்பானா?"

சிலுவை ரம்பம் எடுத்து வந்தான். இறுக்கிக் கட்டும் திருகாணி பத்தையும் கழற்றி, பக்கத்துக்கு ஐந்தாகப் பிரித்து வைத்துவிட்டு, நட்டநடுவில் நூல் பிடித்து அறுத்தான். மரியபுஷ்பம் சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

"அய்யய்யோ, எண்பதாயிரத்தை அறுக்கிறீங்களே!"

"மூணு லட்சத்துக்குத்தான் அறுக்கிறோம். நீ கோழியைப் பிடிச்சுக்கோ."

அறுத்து முடித்ததும் ஒரு குறை தெரிந்தது. கீழ்ப்பாதியில் கோழி இருந்தது, மேல்பாதியில் இல்லை. ஜோடி என்றால் இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டாமா? பக்கத்து வீட்டில் இன்னொரு கோழியைக் கேட்டு வாங்கினார்கள். அது சிவப்பாக இருந்ததில் பொன்னையனுக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

மறுநாள் காலை மதுரை பஸ்ஸில் ஏறினார்கள். இரண்டு கோழிக்கும் அரை டிக்கெட் கேட்டார் கண்டக்டர். டிரம் ஒவ்வொன்றும் அரைதானே என்று கால் டிக்கெட் கேட்டு வாடிப்பட்டி வரை வாதாடினார் வேதமாணிக்கம்.

ஹபீப் பாய் கடை வாசலுக்கே வந்து வரவேற்றார். "டிரம் எங்கண்ணே?"

"கோழிக்கு அடியில" என்றார் வேதமாணிக்கம். "ஜோடி!"

பாய் ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த கோழியைத் தூக்கிப் பார்த்தார். இரண்டையும் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"யாருய்யா அறுத்தது?"

"நான்தான் பாய்" என்று சிலுவை வெட்கப்பட்டான். "கோணல் இல்லாம வந்திருக்குங்களா?"

பாய் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "முழுசா இருந்தா இந்நேரம் எண்பதாயிரத்தைக் கையில குடுத்திருப்பேன். இனிமே ஒட்டிக் குடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன். ஒண்ணு இல்லாம இன்னொண்ணுக்கோ சல்லிக்காசு மதிப்பு கிடையாது. எந்தக் கடையிலயும் விக்க முடியாது. வந்ததுக்குக் கோழியை வேணா எடுத்துக்கிறேன், எண்ணூறு ரூபா."

"செட்டை உடைக்கச் சொல்றீங்களா?" என்று கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

திரும்பவும் பஸ் ஏறினார்கள். புது வாத்தியம் போச்சு, சப்பரம் போச்சு, லாசர் இந்த வருஷமும் முன்னால் நடப்பான். வேதமாணிக்கம் பாய் சொன்னதையே வாய்க்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஊர் எல்லை வந்தபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே லாசர் வீட்டுக்குப் போனார். ஒரு பாதி டிரம்மைக் கோழியோடு அவன் கையில் கொடுத்தார்.

"வெச்சுக்கோ லாசரு."

லாசர் கண் கலங்கிவிட்டான். "அண்ணே, பழசையெல்லாம் மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தெரு திரும்பும் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்.

"எதுக்குங்க அவருக்குக் குடுத்தீங்க?" என்றாள் வீட்டில் மரியபுஷ்பம்.

"ஒண்ணு இல்லாம இன்னொண்ணை விக்க முடியாதுன்னு பாய் சொல்லிட்டாரு. இன்னொண்ணு யாருகிட்ட இருக்கு? என்கிட்ட. இனிமே லாசர் தலைகீழா நின்னாலும் அதை விக்க முடியாது!"

"உங்களால மட்டும் இதை விக்க முடியுமா?"

"முடியாது. ஆனா அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதுல்ல!"

திருவிழா அன்று லாசர் செட்டு புது உடுப்பில், பளபளக்கும் வாத்தியங்களோடு சப்பரத்துக்கு முன்னால் வாசித்துப் போனது. ரோட்டோரம் நின்ற மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"பாருடா, பாவம்" என்றார் வேதமாணிக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "விக்க முடியாத டிரம்மை வீட்டுல வெச்சுக்கிட்டு என்ன தைரியமா வாசிச்சுட்டுப் போறான்!"