குப்பைக்குக் குடை பிடித்த கதை

வாகைக்கோட்டை என்றொரு ராஜ்யம் இருந்தது. எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. கதிரவேள் அங்கே மன்னர். நல்ல மனுஷர்தான், ஆனால் பலகாரம் என்றால் உயிரை விடுவார். இனிப்பைத் தொடவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதனால் மகாராணி பலகார அறைச் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு நடந்தார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. அங்கிருந்து எது வெளியே போனாலும் அதற்குக் குடை பிடிக்க வேண்டும், முரசு கொட்ட வேண்டும், கட்டியக்காரன் முன்னால் நடந்து அது இன்னதென்று கூவ வேண்டும். யாருக்காவது ஒரு மாம்பழம் கொடுத்தனுப்பினாலும் இதே அமர்க்களம்தான்.

குப்பைக்கு மட்டும் இதெல்லாம் கிடையாது. மிஞ்சிய சோறு, அடுப்புச் சாம்பல், கந்தல், உடைந்த சட்டி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மேற்கு மதிலுக்கு மேலாக வீசிவிடுவார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் சூளைத்தெரு. பானை வனைகிறவர்கள் அங்கே குடியிருந்தார்கள்.

ஒருநாள் மேல்காற்று அடித்தது. மாடத்தில் நின்ற மன்னர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னய்யா இது, இந்த நாற்றம்?”

அரண்மனை அதிகாரி பொன்னம்பலத்தார் ஓடி வந்தார். குப்பையை அங்கே வீசச் சொன்னதே அவர்தான்.

“சூளைத்தெருவிலிருந்து வருகிறது, மகாராஜா. சுத்தம் தெரியாத ஜனங்கள். தெருவையே இடித்துவிட்டால் காற்று சுகமாக வரும்.”

“இடித்துவிடுங்கள்” என்றார் மன்னர்.

சேதி கேட்டுச் சூளைத்தெருப் பேச்சாயி சபைக்கே வந்துவிட்டாள். கையில் இன்னும் களிமண் காயவில்லை.

“சாமி, வீட்டை இடிச்சா புள்ளகுட்டியோட எங்க போவோம்? அந்த நாத்தம் எங்களுது இல்ல. அரமணையிலேருந்து வந்து விழுது.”

பொன்னம்பலத்தார் அசரவில்லை.

“கட்டியம் கேட்டதா? முரசு கேட்டதா? குடையைப் பார்த்தாயா?”

“இல்லீங்க.”

“அப்படியானால் அரண்மனையிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை.”

மன்னர் யோசித்தார். வழக்கப்படி பார்த்தால் அதுவும் சரியாகத்தான் இருந்தது. பேச்சாயிக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது சாத்தையன் எழுந்தார். மன்னருக்கு யோசனை சொல்வது அவருடைய வேலை. அவர் முகத்தில் சிரிப்பே வராது. அதனாலேயே அவர் எழுந்தால் எல்லாருக்கும் கொஞ்சம் பயம்.

“பொன்னம்பலத்தார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, மகாராஜா. வழக்கத்தை விடலாமா? நாளையிலிருந்து குப்பையும் முறைப்படியே போகட்டும். அதைப் பார்த்துவிட்டுத் தெருவை இடிக்கலாம்.”

வழக்கம் என்று சொன்ன பிறகு மன்னர் எப்படி மறுப்பார்? தலையை ஆட்டினார்.

விடிந்தது. கட்டியக்காரன் குப்பைக் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு முழம் பின்னால் போனான்.

“ஐயா, இதை என்னவென்று கூவுவது? எல்லாம் ஒரே கூழாகக் கிடக்கிறதே!”

“பெயர் தெரியாததைக் கூவக் கூடாது. தனித்தனியாக வைக்கச் சொல்” என்றார் சாத்தையன்.

சமையற்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார்கள். ஈரமானது ஒரு பக்கம், காய்ந்தது ஒரு பக்கம். சாம்பல், துணி, ஓடு, உலோகம், எல்லாம் தனித்தனிக் கூடையிலும் தட்டிலும். ஊர்வலம் கிளம்பியது. குடை விரிந்தது, முரசு முழங்கியது.

“மகாராஜா உரித்த வாழைப்பழத்தின் தோல், பராக்!”

“அட, இங்கே கொண்டாங்க! என் மாடு தின்னும்” என்று பால்காரன் கூடையை வாங்கிக்கொண்டான்.

“மடைப்பள்ளிச் சாம்பல், பராக்!”

பாத்திரம் தேய்க்க வேண்டுமென்று பெண்கள் முறத்தோடு ஓடி வந்தார்கள்.

“மகாராணியாரின் கிழிந்த சேலை, பராக்!”

விளக்குக்குத் திரி போட ஒருவர் கேட்டார். ஓட்டை அண்டாவை உருக்கி வார்ப்பதற்குக் கன்னான் தூக்கிக்கொண்டு போனான். உடைந்த சட்டி வந்ததும் பேச்சாயியே முன்னால் வந்தாள்.

“குடுங்க, குடுங்க. சூளை மூட ஓடு தேடிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

மதிலடிக்குப் போய்ச் சேர ஒன்றுமே மிஞ்சாது போலிருந்தது. மாடத்திலிருந்து மன்னர் இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகாராணி, பின்னால் சாத்தையன். கட்டியக்காரன் அடுத்த தட்டைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“மகாராஜா கடித்துவிட்டு மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்த பாதி அதிரசம், பராக்! பராக்!”

முரசு முழங்கியது. மகாராணி மெதுவாகத் திரும்பி மன்னரைப் பார்த்தார்.

“சாத்தையா!” மன்னர் அலறினார். “நிறுத்தய்யா அந்தக் கட்டியத்தை!”

“நிறுத்தலாம், மகாராஜா. ஆனால் கட்டியம் இல்லையென்றால் அரண்மனையிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை என்றாகிவிடும். மதிலுக்கு வெளியே கிடப்பது சூளைத்தெருக் குப்பையாகிவிடும். அப்புறம் தெருவை இடிக்க வேண்டும். இடித்த பிறகு யாராவது சந்தேகம் கேட்டால், மறுபடியும் கட்டியம் கூறித்தான் காட்ட வேண்டும். இன்னும் நாலு தட்டு பாக்கி இருக்கிறது.”

மன்னர் அந்த நாலு தட்டையும் பார்த்தார்.

“தெரு இருக்கட்டும்! குப்பை என்னுடையதுதான்! போதுமா?”

“போதும், சாமி” என்றாள் பேச்சாயி கீழேயிருந்து.

அன்றோடு குப்பைக்குக் கட்டியம் கூவுவது நின்றது, பிரிப்பது மட்டும் நிற்கவில்லை. மதிலடியில் ஏற்கெனவே கிடந்த பழைய குவியலைப் பிரிக்கும் வேலை பொன்னம்பலத்தாருக்குக் கிடைத்தது. அதற்கு மட்டும் குடையும் முரசும் உண்டென்று மன்னர் உத்தரவு போட்டார்.

மகாராணி உள்ளே போன பிறகு மன்னருக்குச் சிரிப்பு பீறிட்டது. தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சாத்தையனுக்குப் போர்த்தினார்.

“எல்லாம் சரிதானய்யா. ஊர் முன்னால் என் மானம் போய்விட்டதே. இனிமேல் நான் என்ன செய்ய?”

சாத்தையன் சால்வையை ஒழுங்காக மடித்துக்கொண்டார்.

“அடுத்த தடவை அதிரசத்தை முழுசாகத் தின்றுவிடுங்கள், மகாராஜா. மிச்சம் வைத்தால்தானே குப்பை.”