களாவேலி

"செர்ரி ருசி வருது தாயி," என்றார் பெத்தணசாமி. "நல்லாவே வருது. ஆனா முடியுறப்ப நாக்கைப் பிடிச்சு இழுக்குது. ஒயினு கெட்டுப்போச்சா?"

சலேத் கோப்பையை வாங்கி மோந்தாள். குடிக்கவில்லை.

"செர்ரியை எங்க பாத்தீங்க, மாஸ்டர்?"

"என்ன தாயி இப்படிக் கேட்டுட்ட? இருபது வருசம் கேக்கு மேல வச்சவன்கிட்ட!"

கம்பத்தில் பேக்கரி மாஸ்டராக இருந்தவர் அவர். தலை நரைத்த பிறகு அடுப்பை விட்டுவிட்டு, மகள் வயதுள்ள சலேத்திடம் ஒயின் கற்க வந்தார். ஊர் சிரித்தது. சலேத் சிரிக்கவில்லை. அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டாள்.

"மரத்துல பாத்திருக்கீங்களா?"

"டின்னுல."

அவள் உள்ளே போய் ஓர் அரிவாளைக் கொண்டுவந்தாள்.

"வேலி பாதையை மறைக்குது. வெட்டி விடுங்க."



மலையடிவாரத்தில் சலேத்தின் செம்மண் தோட்டம். ஆடிக் காற்று கணவாய் வழியாக இறங்கி, பன்னீர் திராட்சைப் பந்தலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் முட்செடி வேலி.

அந்தத் தோட்டத்து ஒயினுக்குப் பெயர் இருந்ததில்லை. டேங்கரில் ஏறிப் போகும். வெளியூரில் வேறு ஒயின்களோடு கலந்து, வேறு ஊரின் பெயரில் பாட்டிலாகும்.

இந்த வருடத்து ஒயினைச் சலேத் முழுவதுமாகப் பெத்தணசாமியின் கையில் விட்டிருந்தாள். ருசி பார்க்க, ஒயினை வாங்கும் கம்பெனியிலிருந்து ஸ்ரீவத்சன் வருகிறார். தனியாக நிற்கும் ஒயின் என்று அவர் சொன்னால், முதல்முறையாகக் கம்பம் என்ற பெயரோடு பாட்டிலாகும்.

இல்லையென்றால் டேங்கர். அதையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் வருகிறார்.



பெத்தணசாமி பாதி வேலியில் திரும்பி வந்தார்.

"அவுக வாறதுக்குள்ள கொஞ்சம் சர்க்கரைப் பாகு ஊத்திரவா தாயி? இழுப்பு அடங்கிரும்."

"வேலி முடிஞ்சுதா?"

"பாகு..."

"வேலி, மாஸ்டர்."

"கடையில எடுபிடிப் பயலுகளைக்கூட நான் இப்படி விரட்டுனதில்ல," என்று அவர் வேலியிடம் சொன்னார்.

வேலி முள்ளால் பதில் சொன்னது. வெட்டிய இடத்தில் பால் வடிந்து கையில் பிசுபிசுத்தது. வாய் வறண்டிருந்தது. எட்டிய கிளையில் கறுத்துப் பழுத்திருந்த ஒன்றைப் பறித்து வாயில் போட்டார்.

புளித்தது. மெதுவாக இனித்தது. பிறகு நாக்கைப் பிடித்து இழுத்தது.

அவர் அசையாமல் நின்றார். பழுக்காமல் சிவந்திருந்த ஒன்றைக் கடித்தார். அந்தக் கடிப்பு அவர் பல்லுக்குத் தெரியும். பாகும் சாயமும் மட்டும்தான் அதில் இல்லை.

சாலையில் டேங்கரின் ஹாரன் கேட்டது.

கைக்கு எட்டியதைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு அவர் ஓடினார்.

"தாயி! டின்னுல வந்தது..."

"களாக்காதான். கொட்டையை எடுத்துட்டு, பாகுல ஊறப்போட்டு, சாயம் ஏத்தி அனுப்புவாங்க."

"அப்ப நான் செர்ரியே தின்னதில்லையா?"

"நானும்தான்," என்றாள் சலேத்.



ஸ்ரீவத்சன் ஒரு வாய் உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, வாளியில் துப்பினார்.

"செர்ரி," என்றார். "எல்லா ஊரிலும் வருவதுதான். முடிவில் ஒரு கரடு இருக்கிறது. மற்றதோடு கலந்தால் சரியாகிவிடும்."

டேங்கர் டிரைவர் குழாயை இழுத்துவந்து போட்டார்.

சலேத் திரும்பிப் பெத்தணசாமியைப் பார்த்தாள்.

"செர்ரி இல்ல சார்," என்றார் அவர்.

"நாற்பது ஊர் ஒயின் குடித்த வாய் இது, பெரியவரே."

"இருக்கட்டும் சார். இதைத் தின்னுட்டு இன்னொரு வாய் குடிங்க."

மடியை அவிழ்த்துக் கை நிறையக் கறுப்பும் சிவப்புமாக நீட்டினார்.

"என்ன இது?"

"எங்க வேலி."

டிரைவர் சிரித்துவிட்டார். ஸ்ரீவத்சன் ஒன்றைக் கடித்தார். முகம் சுருங்கியது. அவசரமாகக் கோப்பையை எடுத்துக் குடித்தார்.

துப்பவில்லை.

கோப்பையை நீட்டினார். பெத்தணசாமி ஊற்றினார். அதையும் துப்பவில்லை. பந்தலைப் பார்த்தார். பந்தலுக்கு அப்பால் பாதி வெட்டிய வேலியையும் அதற்குப் பின்னால் மலையையும் பார்த்தார்.

"நான் கரடு என்றேனே..."

"துவர்ப்பு சார். விருந்து வச்சுட்டுப் பாக்குக் குடுக்காம அனுப்ப முடியுமா?"

ஸ்ரீவத்சன் மூன்றாம் முறை கோப்பையை நீட்டினார். டிரைவர் குழாயோடு காத்திருந்தார்.

"அதைச் சுருட்டி வை," என்றார் ஸ்ரீவத்சன், திரும்பிப் பார்க்காமல்.



டேங்கர் காலியாகக் கிளம்பியது. மேட்டில் ஏறும்போது அதன் வயிறு முரசுபோல் அதிர்ந்தது. சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பெத்தணசாமி துண்டைத் தலைக்கு மேலே வீசிச் சுழற்றி, டேங்கருக்கு விடைகொடுத்தார்.

பிறகுதான் நினைவு வந்தது. அரிவாளை எடுத்தார்.

"வேலி இன்னும் பாதி கிடக்கே தாயி. வெட்டிரவா?"

சலேத் அவர் கையிலிருந்த அரிவாளை வாங்கிக்கொண்டாள்.

"வேலிக்குத் தண்ணி ஊத்துங்க, மாஸ்டர்."