அடக்கத்துக்கு ஒரு தண்டோரா

செங்குளம் ஜமீன்தாருக்கு ஒரு பெருமை உண்டு. தன்னைப் போல அடக்கமான ஆள் அந்தச் சீமையிலேயே கிடையாது என்பதுதான் அந்தப் பெருமை.

ஒருநாள் அவர் தண்டோரா போடும் மாசாணத்தைக் கூப்பிட்டார். "ஏலே, நாளைக்குத் தேரோட்டத்துக்கு வெறுங்காலோட நடந்து வரப்போறேன். என் அடக்கத்தை ஊர் முழுக்கச் சொல்லு. ஒருத்தன் சந்தேகப்பட்டாலும் நீ ஊரைவிட்டே போயிரணும்."

"எசமான், நான் மரமண்டை. அடக்கம்னா என்னன்னு நீங்களே சொல்லிட்டா, அதை அப்படியே சொல்லிருவேன்."

ஜமீன்தார் மீசையைத் தடவினார். "நானும் உங்களை மாதிரி ஒரு சாதாரண ஆளுதான்னு நினைக்கேன் பாரு, அதுதாம்லே அடக்கம்."

மாசாணம் தெருத்தெருவாக முழங்கினான். "எசமானும் நம்மள மாதிரி சாதாரண ஆளுதானாம்! நாளைக்கு அவர் வரும்போது யாரும் எந்திரிக்க வேண்டாம், தோள்துண்டை எடுத்து இடுப்புல கட்ட வேண்டாம்!"

மறுநாள் ஜமீன்தார் வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். துண்டுகள் தோளிலேயே கிடந்தன. ஒரு கிழவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "வாரும்வே, இப்படி உட்காரும்" என்றார்.

ஜமீன்தார் மாசாணத்தை ஓரமாக இழுத்தார். "என்னலே செஞ்சு வச்சிருக்கே?"

"உங்க அடக்கத்தை ஊரே நம்பிட்டுது எசமான். உங்க ஒருத்தருக்குத்தான் சந்தேகம் போல. யாரும் எந்திரிக்கலைன்னு எசமானுக்குக் கோபம்னு அதையும் தண்டோரா போட்டுரட்டுமா?"

ஜமீன்தார் போய்க் கிழவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாசாணம் தன் இடுப்புத் துண்டை அவிழ்த்து, நன்றாக உதறி, தோளில் போட்டுக்கொண்டான்.