முப்பத்தாறாம் நாள் மீன்குழம்பு

சிப்பித்துறைப் பாஸ்கு நாடகத்தைக் குறை சொல்லிவிட்டு அந்த ஊரில் ஒருத்தன் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட முடியாது. சேசுவின் பாடுகளைப் பெரிய வெள்ளியன்று அவர்களைப் போல ஆடிக்காட்ட எந்தக் கடற்கரையில் ஆள் இருக்கிறது? கேட்டுப் பாருங்கள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்கள்.

சேசு வேஷம் கட்டுகிறவனுக்குத் தவக்காலம் நாற்பது நாளும் விரதம். மீன் கூடாது, குடி கூடாது. மீறினால் வேஷம் போய்விடும். அதோடு உச்சி வெயிலில் முழங்காலாலேயே கோயிலை மூன்று முறை சுற்றவும் வேண்டும்.

போன வருசம் அந்த வேஷத்துக்கு இருந்த லியோன் முப்பத்தாறாம் நாள் மீறினான். வலை வீசுகிறவன் வீட்டில் மீன் வாசத்துக்கா பஞ்சம்? ஒரே ஒரு துண்டு என்று கையை வைத்தவன் சட்டியையே வழித்துவிட்டான். ஊர்க்கூட்டத்தில் தலைகுனிந்து நின்றான்.

அப்போது நாடகம் பழக்கும் அண்ணாவியார் கஸ்பார் எழுந்தார். வயது அறுபத்தெட்டு.

"நான் பழக்குன ஆளு அவன். அவன் முட்டியும் என் முட்டியும் ஒண்ணுதான்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொதிக்கிற மணலில் இறங்கிவிட்டார். மூன்றாம் சுற்றில் மணலில் ரத்தம் தெரிந்தது. லியோன் வாய்விட்டு அழுதான்.

இந்த வருசமும் வேஷத்தை அவனுக்கே கொடுத்தார். "வேற ஆளே கிடைக்கலையா?" என்று ஊரே கேட்டது. "பிறகு சொல்றேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மறுபடியும் முப்பத்தாறாம் நாள் வந்தது. மத்தியானம் ஒத்திகை முடிந்ததும் லியோனின் மச்சான் தொபியாஸ் சோறும் சீலாமீன் குழம்புமாக வந்து உட்கார்ந்தான். கிண்டல் பிடித்தவன்.

"சாப்பிடு மச்சான். ஒன் தண்டனையத்தான் அண்ணாவியார் போன வருசமே அனுபவிச்சிட்டாரே. இனி நீ எதுக்கு வயித்தைக் காயப்போடுறே?"

லியோனுக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை அவனும் பல நாள் தனக்குள் கேட்டிருக்கிறான். எழுந்து நேரே அண்ணாவியாரிடம் போனான். அவர் முள்முடி பின்னிக்கொண்டிருந்தார்.

"அண்ணாவியாரே, நான் இப்பவும் தின்னுட்டா மன்னிப்பீங்களா?"

"மன்னிப்பேன்."

"மறுபடியும் எனக்காக முட்டி போடுவீங்களா?"

"போடுவேன்."

கோபத்தில் சொல்கிறாரோ என்று லியோன் அவர் முகத்தைப் பார்த்தான். கோபமே இல்லை. இடது காலை மட்டும் நீட்டி வைத்திருந்தார். போன வருசத்திலிருந்து அது சரியாக மடங்குவதில்லை.

லியோன் திரும்பி வந்து, குழம்புச் சட்டியை மச்சான் பக்கம் தள்ளினான்.

"என்ன, மன்னிக்க மாட்டேன்னுட்டாரா?"

"மன்னிப்பேன்னுட்டாரு."

"பின்னே சாப்பிட வேண்டியதுதானே?"

"அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் எப்படிடா சாப்பிடுறது?"

தொபியாஸ் சிரிக்க வாயைத் திறந்து, சிரிக்காமல் விட்டான்.

அங்கிருந்தே இதைக் கேட்ட அண்ணாவியார் முள்முடியைக் கீழே வைத்தார். காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். குரல் மட்டும் கோயில்வரை கேட்டது.

"தொபியாசு! ஏன் இவனுக்கே வேஷம் குடுத்தேன்னு ஊரு கேட்டுச்சுல்லா? போ, இப்பச் சொல்லு!"