வேம்பனூர் ரோடு, 1929

பொன்மலையில் ஒரு மாடி அறையில், பொம்மை ரயில்களுக்கு ஊர் கட்டக் கற்றுக்கொடுத்தார் எஸ்தர் டீச்சர். அவருக்கு நாற்பது வயது. சீடர் வைத்தியலிங்கத்துக்கு அறுபத்தெட்டு. முதல் நாள் வந்தவர்கள் நரைத்த தலையைப் பார்த்து வைத்தியலிங்கத்துக்கே வணக்கம் வைப்பார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் குஷிதான்.

டீச்சர் வாயிலிருந்து "முடிஞ்சது" என்ற சொல் லேசில் வராது. அது வராமல் எந்த வேலையும் கண்காட்சிக்குப் போகாது.

வைத்தியலிங்கம் கட்டியது வேம்பனூர் ரோடு ஸ்டேஷன். அவருடைய தாத்தா மாஸ்டராக இருந்த இடம். காலத்துக்குப் பொருந்தாத ஒரு துரும்பையும் அவர் உள்ளே விடவில்லை. 1929-இல் அந்த ஊருக்குக் கரண்ட் ஏது என்று, கூடப் படித்தவர் நட்ட விளக்குக் கம்பத்தைக் கேட்காமல் கொள்ளாமல் பிடுங்கிப் போட்டவர்.

மறுநாள் கண்காட்சி. தாத்தாவின் ஸ்டேஷனைப் பார்க்கக் குடும்பமே வேன் பிடித்து வருகிறது.

"டீச்சர், இன்னும் என்ன குறை?" என்று கேட்டார்.

எஸ்தர் குனிந்து பார்த்தார். காய்ந்த டீத்தூளில் செம்மண். தேங்காய் நாரில் புல். ஓரத்தில் பனையோலைக் குடிசைகளோடு சேரி. முன்னால் 'வேம்பனூர் ரோடு, 1929' என்று போர்டு. பிளாட்பாரத்தில் தண்ணீர்ப் பானை. பானைக்குப் பக்கத்தில், கோட்டும் தொப்பியுமாக நக அளவில் தாத்தா.

"வேப்பமரம் அருமையா வந்திருக்கு."

"பானையைப் பாருங்க டீச்சர். தாத்தா கைக்காசு போட்டு வச்சது. தாகம்னு வந்தவங்களை அவர் திருப்பி அனுப்பினதே இல்லைன்னு வீட்டுல சொல்லுவாங்க."

எஸ்தர் இடுக்கியை எடுத்தார். சேரி ஓரத்தில் ஜல்லிக்கூடையோடு நின்ற பெண் பொம்மையைத் தூக்கி, பானைக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஐயோ, அது தப்பு டீச்சர்!"

டீச்சருக்கே தப்பு கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் குரலில் துள்ளியது. கை அதற்குள் நீண்டுவிட்டது. பெண்ணை எடுத்துப் போய், வேலிக்கு வெளியே வெயிலில் வைத்தார்.

"இது இருபத்தொம்பது. சேரிப் பொம்பளை. அந்தப் பானைகிட்ட விடமாட்டாங்க."

"யாரு விடமாட்டாங்க?"

சொல்ல வாயைத் திறந்தார் வைத்தியலிங்கம்.

பானைக்குப் பக்கத்தில் ஒரே ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

வைத்தியலிங்கம் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். இடி விழுந்த மாதிரி இருந்தது. யாரும் அவருக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகத்தான் சொன்னார். பெண்ணைத் தூக்கி வெளியே வைத்ததும் அவர் கைதான். அந்தக் கையையே வெறித்துப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கு டீச்சர்," என்றார். "இவ்வளவு நாளும் தெரிஞ்சிருக்கு."

எஸ்தர் இடுக்கியைத் துடைத்து வைத்தார்.

"பானையை எடுத்துடட்டுமா?"

"எதுக்கு? பானை இருந்துச்சுல்ல."

"அப்ப தாத்தாவை எடுத்துடறேன்."

"அவரும் இருந்தார்."

"போர்டுல வருஷத்தையாவது மாத்திடறேன் டீச்சர். நாளைக்கு எல்லாரும் வர்றாங்க. என் பேத்தி வர்றா. அந்தப் பொம்பளை ஏன் வெளியே நிக்கறான்னு கேட்பா. நான் என்ன சொல்லுவேன்?"

எஸ்தர் பசைக்குப்பியின் மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"நீங்க வச்ச இடத்துலயே ஒட்டிடுங்க சார். முடிஞ்சது."