வெள்ளிமூக்கி மூடிய வாய்

அந்தக் காலத்தில், பறவைகளோடு மோட்டார் கார்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு ஜமீன் அரண்மனைக் கொட்டகையில் வெள்ளிமூக்கி என்றொரு கார் இருந்தாள். சீமையில் ஒரு பட்டறையில் எஞ்சினும் இன்னொரு பட்டறையில் உடம்புமாக, ஜமீன்தாரின் தலைப்பாகை இடிக்காதபடி அளவெடுத்து, கையாலேயே தகடு தட்டிச் செய்தது. அதுபோல் இன்னொன்று உலகத்தில் கிடையாது. ஊரார் அதைப் பெருமை என்றார்கள். பெருமையாவது, மண்ணாங்கட்டியாவது! கூடப் பிறந்தவர்கள் இல்லாதவளுக்குத்தானே தெரியும் அந்த வலி.

ஜமீன்தார் காலமான பிறகு டிரைவர் அருளப்பன் மட்டும் காலையில் வந்து தூசி தட்டிவிட்டுப் போவார். மற்றபடி ஏனென்று கேட்க நாதியில்லை.

ஒரு நாள் தேன்சிட்டு ஒருத்தி வந்து வெள்ளிமூக்கியின் கதவின்மேல் உட்கார்ந்தாள். "புயல்ல என் தங்கச்சியத் தொலைச்சுட்டேன். என்னை உரிச்சு வச்ச மாதிரி இருப்பா. பார்த்தியா அக்கா?"

தன்னையும் ஒருத்தி அக்கா என்றதில் வெள்ளிமூக்கி உருகிப்போனாள். அன்று பேசினார்கள், மறுநாளும் பேசினார்கள். மூன்றாம் நாள், "மலைக்கு அந்தப் பக்கம் தேடப் போறேன்" என்றாள் சிட்டு.

வெள்ளிமூக்கிக்கு அவளை விட மனமில்லை. "போகாதே! உன் தங்கச்சி என் பக்கக் கண்ணாடிக்குள்ளதான் இருக்கா, பாரு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள்.

சிட்டு எட்டிப் பார்த்தாள். அச்சு அசல் தங்கச்சியே! "ஏன்டி பேச மாட்டேங்கிற? என்மேல கோவமா?" என்று கண்ணாடியைக் கொத்தினாள். கொத்திக்கொண்டே இருந்தாள். தேன் குடிக்கவும் மறந்தாள்.

"மூக்கு ஒடிஞ்சிரும் தாயி" என்று அருளப்பன் தன் தோள் துண்டால் கண்ணாடியை மூடிப் பார்த்தார். துண்டுக்குள் நுழைந்து கொத்தினாள்.

ஐந்தாம் நாள் காலை, எதிரே மாதுளை மரத்தில் நிஜத் தங்கச்சியே வந்து உட்கார்ந்தாள். "அக்கா! அக்கா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். கொத்துகிற சத்தத்தில் சிட்டுக்குக் கேட்கவில்லை. வெள்ளிமூக்கிக்குக் கேட்டது. 'திரும்பிப் பாரடி' என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் இரண்டு பேரும் பறந்துவிடுவார்கள். கொட்டகையில் மறுபடியும் தான் மட்டும். பாவி, வாயை இறுக மூடிக்கொண்டாள்.

தங்கச்சி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மலைப்பக்கம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் வெள்ளிமூக்கியை நெஞ்சு சுட்டது. "அடியே, அங்கே பாரு!" என்று கத்த வாயெடுத்தாள். பேச்சு வரவில்லை. "பாம்" என்று ஒரு சத்தம்தான் வந்தது.

"மாதாவே! யாரும் அமுக்காம ஹாரன் அடிக்குதே!" என்று அருளப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். சிட்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றோடு எல்லாக் கார்களுக்கும் பேச்சு போயிற்று. அன்று முதல்தான், எந்தத் தெருவில் எந்தக் கார் நின்றாலும் தேன்சிட்டு அதன் கண்ணாடியைக் கொத்திக் கொத்தித் தங்கச்சியைக் கூப்பிடுகிறது. கார்களுக்கு உண்மை தெரியும். சொல்லத்தான் வாயில்லை.